டிமோதி டெய்லர் லேண்ட்லார்ட்: பல வருடங்கள் குடித்துப் பார்த்ததில்

வட இங்கிலாந்தின் வெஸ்ட் யார்க்‌ஷயரில் வாழ வந்த நாளிலிருந்து நான் அதிகம் குடித்த பீர் டிமோதி டெய்லர் நிறுவனத்தின் லேண்ட்லார்ட். பாட்டிலில் வருவதை இங்கே விட்டுவிடுகிறேன். பீப்பாயிலேயே பக்குவப்பட்டு, பப்பில் கைப்பம்பை இழுத்து ஊற்றித் தரும் காஸ்க் பீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பல ஊர்களில், பல பப்களில் இதைக் குடித்துப் பார்த்ததில் எனக்கு உறுதியானது ஒன்று: இதைக் காய்ச்சுவது இங்கே கீத்லி என்ற ஊரில் என்றாலும், இது பக்குவப்படுவது பப்பின் நிலவறையில்தான். நல்ல லேண்ட்லார்ட் கிடைப்பதில் பாதிப் பங்கு அந்த நிலவறையைப் பார்த்துக்கொள்பவருடையது.

முதலில் சுவை. வெளிர் பொன் நிறத்தில் லேசாகச் செம்பு கலந்திருக்கும். கண்ணாடிக் குவளையின் மறுபக்கம் தெரிகிற அளவுக்குத் தெளிவு. ஆல்கஹால் 4.3 சதவீதம். முகர்ந்தால் ஆரஞ்சு வாசம், அதோடு கொஞ்சம் பூவாசம். வாயில் வைத்ததும் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லியின்) இனிப்பு வரும், ஆனால் நிற்காது. பின்னாலேயே கசப்பு வந்துவிடும். நாரத்தங்காய்த் தோலைக் கடித்தால் வருமே, அந்த மாதிரி வாசத்தோடு கூடிய கசப்பு. விழுங்கியபின் நாக்கு உலர்ந்துபோய் அடுத்த மிடறைக் கேட்கும். இத்தனை வருடமாகியும் எனக்கு இது சலிக்காததற்குக் காரணம் அந்த உலர்ந்த முடிவுதான்.

இதற்கு கோல்டன் ப்ராமிஸ் என்ற பார்லி வகையின் மால்ட்டைப் பயன்படுத்துகிறார்கள். கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் ஃபக்கிள், கோல்டிங்ஸ், ஸ்டைரியன் கோல்டிங்ஸ் உண்டு. கடைசியாகச் சொன்னது ஸ்லோவேனியாவில் விளைவது. பெயரில் கோல்டிங்ஸ் இருந்தாலும் ஃபக்கிள் வம்சம். அந்த ஆரஞ்சு வாசத்தை நான் அதன் கணக்கில்தான் எழுதுவேன். டெய்லர் நிறுவனம் 1858இல் தொடங்கியது. லேண்ட்லார்ட் 1950களின் தொடக்கத்தில் வந்தது. பிரிட்டனின் சாம்பியன் பீர் பட்டத்தை 1982, 1983, 1994, 1999 என நான்கு முறை வென்றிருக்கிறது.

இனி நிலவறை. காஸ்க் பீரில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். வடிகட்டவோ சூடேற்றி ஈஸ்ட்டைக் கொல்லவோ மாட்டார்கள். 72 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) கொள்ளும் ஃபர்கின் பீப்பாய் பப்புக்கு வந்த பிறகும் உள்ளே நொதித்தல் நடந்துகொண்டே இருக்கும். பீப்பாயை அசையாமல் படுக்கவைத்து, மேலே உள்ள துளையில் காற்றுப் போகிற மரமுளை ஒன்றைச் செருகி, மிகுதியான வாயுவை வெளியேற்றுவார்கள். கொந்தளிப்பு அடங்கியதும் இறுக்கமான முளையை மாற்றி, மிச்ச வாயுவை உள்ளேயே பிடித்துவைப்பார்கள். லேண்ட்லார்ட் கொஞ்சம் துடிப்பான பீர், அடங்க நேரமெடுக்கும். அவசரப்பட்டுத் திறக்கிற பப்பில் கசப்பு தனியாகவும் இனிப்பு தனியாகவும் நிற்கும், ஆரஞ்சு வாசம் எட்டிக்கூடப் பார்க்காது. பொறுமையாக விட்ட பப்பில் எல்லாம் ஒன்றாகக் கூடிவரும். இந்த வித்தியாசத்தை நாக்கு பழகிய யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

திறந்த பிறகு இன்னொரு கெடு. பீர் இறங்க இறங்கப் பீப்பாய்க்குள் காற்று புகும். மூன்று நாளைக்குள் விற்றுத் தீர்ந்தால் நல்லது. தெற்கே ஒரு ஹோட்டல் பாரில் எனக்கு வந்த பைண்ட்டில் காடி வாடை. நெடுநாளாகத் திறந்தே கிடந்த பீப்பாய் என்று ஒரு மிடறிலேயே தெரிந்தது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் வேறு பீர் ஊற்றிக் கொடுத்தார்கள். இங்கே அது வழக்கம்தான், கூச்சப்பட வேண்டாம். ஆகவே கைப்பம்புகள் வரிசையாக நிற்கும் காலியான பப்பைவிட, இரண்டே பம்பு இருந்தாலும் கூட்டமுள்ள பப்பை நான் தேர்ந்தெடுப்பேன்.

“இங்கிலீஷ் பீர் சூடாக இருக்குமாமே” என்று நம்மூர் நண்பர்கள் கேட்பதுண்டு. சூடெல்லாம் இல்லை. நிலவறைக் குளிர்ச்சியில், 11 முதல் 13 டிகிரிக்குள் தருவார்கள். ஃபிரிட்ஜில் வைத்ததுபோல் சில்லென்று கொடுத்தால் லேண்ட்லார்டின் வாசம் முழுக்க அமுங்கிவிடும்.

வடக்கில் பம்பின் மூக்கில் ஸ்பார்க்லர் என்ற சிறு துளைகள் கொண்ட மூடியைத் திருகியிருப்பார்கள். பீர் அதன் வழியாகப் பீய்ச்சி வரும்போது கெட்டியான, வெண்ணெய்ப் பதமான நுரை கட்டும். லண்டன் பக்கம் பெரும்பாலும் அது கிடையாது. நுரை மெலிந்து, கசப்பு கூர்மையாகத் தெரியும். ஸ்பார்க்லர் வாயுவையும் வாசத்தையும் அடித்து விரட்டிவிடுகிறது என்பது தெற்கத்தியர் வாதம். சில பீர்களுக்கு அது சரிதான். லேண்ட்லார்டுக்கு மட்டும் என் ஓட்டு ஸ்பார்க்லருக்கே. நுரையைத் தாண்டி வரும்போது அந்தக் கசப்பின் கூர்மை மழுங்கிவிடுகிறது. நுரை அளவுக்கு மீறி இருந்தால் மேலே கொஞ்சம் ஊற்றித் தரச் சொல்லலாம், தருவார்கள்.

சைவ நண்பர்கள் கவனிக்க: பெரும்பாலான காஸ்க் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் சேர்ப்பார்கள். ஈஸ்ட்டை அடியில் படியவைப்பது அதுதான். இது விஷயமென்றால் பப்பில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதல்முறை குடிப்பவர்கள் கீத்லிக்கே போய்ப் பாருங்கள். டெய்லரின் சொந்த பப்பான போல்ட்மேக்கர்ஸ் ஆர்ம்ஸ், ரயிலடியிலிருந்து நடக்கிற தூரம். மிகச் சிறிய இடம். அல்லது நீராவி ரயிலில் ஹாவர்த் போய், மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஃப்ளீஸில் உட்காரலாம். அங்கே டெய்லரின் இன்னொரு பீரான போல்ட்மேக்கரும் இருந்தால் இரண்டிலும் அரை பைண்ட் வாங்கி அருகருகே வைத்துக் குடியுங்கள். போல்ட்மேக்கர் 4 சதவீதம். 2014இல் அதே சாம்பியன் பட்டம் வாங்கியது. மால்ட் சற்றுத் தூக்கலாக இருக்கும். குளிர்காலத்தில் என் கை முதலில் அதற்குத்தான் போகும். ஏப்ரல் பிறந்துவிட்டால் லேண்ட்லார்ட்தான்.