மூட்டை விலையா, கிலோ விலையா: பாபாட்டி மக்காச்சோளத்தை யாரிடம் விற்பது?

தான்சானியாவின் மன்யாரா மாகாணத்தில், பாபாட்டி நகருக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு சிறு விவசாயிகள் சங்கத்துக்கு மூன்று அறுவடைகளாகக் கணக்கு எழுதிவருகிறேன். சென்ற ஆண்டு மக்காச்சோளத்தை எப்படி விற்பது என்று சங்கம் முடிவெடுக்க வேண்டியிருந்தது. மூன்று வழிகள் இருந்தன. வாசலுக்கே வரும் தரகரிடம் கொடுக்கலாம். சங்கக் கிடங்கில் சேர்த்துக் கென்ய வியாபாரிக்கு மொத்தமாக விற்கலாம். லாரி பிடித்து நாமே கென்ய எல்லையிலுள்ள நமாங்காவுக்குக் கொண்டுபோகலாம். கிடங்கைத்தான் தேர்ந்தெடுத்தோம். கூட்டத்தில் நானும் அதற்காகவே பேசினேன், இன்றும் அதையே சொல்வேன்.

கென்யாவைக் குறிவைப்பதற்கான காரணத்தை நீட்டத் தேவையில்லை. அங்கே முக்கிய அறுவடை அக்டோபரில்தான் தொடங்குகிறது. எங்கள் சோளம் ஜூன், ஜூலையிலேயே களத்துக்கு வந்துவிடுகிறது. இடைப்பட்ட மாதங்களில் நைரோபி மாவு ஆலைகள் தான்சானியாவையும் உகாண்டாவையும் பார்க்கின்றன. இந்த நாடுகள் சேர்ந்திருக்கும் ‘கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம்’ என்ற கூட்டமைப்புக்குள் விளைந்த சோளத்துக்குச் சுங்கவரியும் கிடையாது.

முதலில் தரகர். சுவாஹிலியில் அவருக்கு ‘தலாலி’ என்று பெயர். இந்தியில் ‘தலால்’ என்பதும் அதே அரபு வேரிலிருந்து வந்ததுதான். அவரைக் கொள்ளைக்காரராகச் சித்திரிப்பது எளிது, ஆனால் நியாயமில்லை. மழையில் சேறாகிக் கிடக்கும் பாதையில் வண்டியோடு வருபவர் அவர்தான். பிப்ரவரியில் வீட்டில் தானியம் தீர்ந்த நேரத்தில் முன்பணம் கொடுப்பவரும் அவர்தான். சோளத்தை ஏற்றிய கையோடு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். கிடங்கு வழியில் எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. காய்ச்சலில் குழந்தை கிடக்கும் வீட்டுக்கு ஐந்து வாரம் எவ்வளவு நீளம் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அப்படியிருந்தும் நான் கிடங்கின் பக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம் எடை.

இங்கே ‘லும்பேசா’ என்று ஒரு வழக்கம் உண்டு. நூறு கிலோ சாக்கின் வாய்வரை சோளத்தை நிரப்பி, அதன்மேல் இன்னொரு சாக்குத் துணியைக் கூரைபோல் வைத்துத் தைத்து, உள்ளே மேலும் மேலும் திணிப்பார்கள். நம் ஊரில் படியைத் தலை தட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்று களத்துமேட்டில் நடந்த பழைய சண்டையேதான். அங்கே படி, இங்கே மூட்டை. நூறு கிலோவுக்கு மேல் மூட்டை கட்டுவதைத் தான்சானியச் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஆனால் தராசு இல்லாத களத்தில் சட்டத்தைக் கேட்டு யார் மூட்டை கட்டுகிறார்கள்?

கூட்டத்துக்கு முன் நாங்கள் ஒரு லும்பேசா மூட்டையைக் கடன் வாங்கிய தராசில் ஏற்றினோம். 122 கிலோ காட்டியது. சுற்றி நின்றவர்களில் யாரும் வாய் திறக்கவில்லை. கூடுதலாகப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்றுதான் தெரியாது. சங்கப் பொருளாளரான பெண்மணி மட்டும் என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, அந்த எண்ணை இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

அன்று தரகர் சொன்ன விலை மூட்டைக்கு 60,000 தான்சானிய ஷில்லிங். கென்ய வியாபாரி அதே ஷில்லிங்கில் கிலோவுக்கு 560 தருவதாகச் சொல்லியிருந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் தரகரே மேல்: நூறு கிலோவுக்கு 60,000 என்றால் கிலோ 600 ஆகிறதே! ஆனால் அவர் கொண்டுபோவது 122 கிலோ. வகுத்தால் கிலோ 492 கூட வரவில்லை. அதே மூட்டை கிடங்குக்கு வந்தால் காயவைத்துச் சலித்ததில் நான்கு கிலோ குறையும். மீதி 118 கிலோவுக்கு 66,080. கூலிக்கும் கிடங்குச் செலவுக்கும் 2,000 கழித்தால் கையில் நிற்பது 64,080. மூட்டைக்கு 4,080 ஷில்லிங் கூடுதல். பதினைந்து மூட்டை விளைவித்த வீட்டுக்கு 61,200. ஒரு மூட்டைச் சோளத்தின் விலையை அவர்கள் ஆண்டுதோறும் சாக்குத் தலைப்பில் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. தான்சானிய மூட்டை நூறு கிலோ. கென்யச் சந்தையில் மூட்டை என்றால் தொண்ணூறு கிலோ. ஆகவே எல்லையைத் தாண்டும் வியாபாரத்தில் மூட்டைக் கணக்கு உதவாது, கிலோதான் பேசும். லும்பேசாவில் வாங்கியவரும் அங்கே போய்க் கிலோவில்தான் விற்கிறார். எடை தெரிந்த சரக்கு கையில் இருந்தால், முன்பின் பார்த்திராத ஆலைக்காரருடன் தொலைபேசியிலேயே விலை பேச முடியும். எடை தெரியாதவர், களத்துக்கு வந்து கண்ணால் மதிப்பிடுபவரிடம் மட்டுமே விற்க முடியும். விலைத் தகவலைக் குறுஞ்செய்தியில் அனுப்புகிறோம் என்று வருகிற திட்டங்களை நான் வரவேற்கிறேன். ஆனால் நைரோபி விலை தெரிந்து என்ன பயன், தன் மூட்டையின் எடை தெரியாவிட்டால்? ஒரு கிராமத்துக்கு ஒரு நேர்மையான தராசு என்பதையே முதல் திட்டமாக வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கிடங்கு வழியின் சிரமங்களையும் சொல்ல வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கத் தரவிதிப்படி ஈரப்பதம் 13.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் இந்த நஞ்சைக் காரணம் காட்டித்தான் கென்யா தான்சானிய, உகாண்டாச் சோளத்துக்குத் தடைபோட்டது. சில நாட்களிலேயே தடை விலகியது, ஆனால் சான்றிதழ் நிபந்தனைகள் வந்தன. ஈரமானி வாங்க முடியாதவர்கள் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் சோளத்தையும் காய்ந்த உப்பையும் போட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டாலும் கிடங்கின் ஈரமானியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அடுத்த தொல்லை துளைப்பான் வண்டு. 1970களின் இறுதியில் மத்திய அமெரிக்காவிலிருந்து இந்நாட்டுக்குள் நுழைந்த இந்தப் பூச்சிக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஸ்கானியா’, அந்தப் பெரிய லாரியின் பெயர்தான். காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகளில் கட்டிய சோளத்தை அது தொடவில்லை. சாதாரணச் சாக்கில் விட்டது மாவாக உதிர்ந்தது.

மூன்றாவது வழியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒருமுறைதான் முயன்றோம். எனவே என் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். நமாங்காவில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள்; 2,000 டாலருக்கு உட்பட்ட சரக்குக்கு எளிய பிறப்பிடச் சான்றிதழே போதும். ஆனால் ஒரு முழு லாரிச் சோளம் அந்த வரம்புக்குள் அடங்காது. தாவர நலச் சான்றிதழ், சுங்க முகவர், லாரி காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை என்று செலவு ஏறிக்கொண்டே போனது. பேசிய விலையை வாங்க வந்தவர் அங்கேயே குறைத்தார். சரக்கைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பல சங்கங்கள் சேர்ந்து செய்தால் இது வேறு கதையாக இருக்கலாம்.

கிடங்கில் வைத்துவிட்டால் நிம்மதி என்றும் சொல்ல மாட்டேன். 2017 ஜூனில் தான்சானிய அரசே மக்காச்சோள ஏற்றுமதியைத் தடுத்தது. சேர்த்துவைத்தவர்களுக்குத்தான் அப்படிப்பட்ட அடி பலமாக விழும். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதியை ஆண்டுக்கு 2 லட்சம் டன்னாகக் கட்டுப்படுத்தியது. எங்கள் பகுதியில் சோள வரிசைகளுக்கு நடுவே வளர்வது துவரைதான். நம் சாம்பாரை நம்பி விதைத்தவர்களின் விலை சரிந்தது. கடல் கடந்த ஒரே சந்தையை நம்புவதைவிட, லாரியில் போய்ச் சேரக்கூடிய அண்டை நாட்டுச் சந்தையையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வது அந்த அனுபவத்தில்தான்.

ஆகவே எங்கள் ஏற்பாடு இது: ஒவ்வொரு வீடும் இரண்டு மூன்று மூட்டையை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளும், அதை யாரிடம் விற்றாலும் சங்கம் கேட்காது. மற்றதெல்லாம் கிடங்குக்கு. சங்கத் தராசு உறுப்பினரல்லாதவர்களுக்கும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது.

இந்த ஜூனில் தரகர்களில் ஒருவர் தொங்கு தராசு ஒன்றை வண்டியில் மாட்டிக்கொண்டு வந்தார். கிலோவுக்கு இவ்வளவு என்று அவரே விலை சொன்னார், பணமும் அன்றே. இரண்டு வீடுகள் அவரிடம் விற்றன. எடையைச் சங்கத் தராசிலும் சரிபார்த்தோம். அரைக் கிலோகூட வித்தியாசமில்லை.