மாத்திரையா, மைதானமா?

உடல் பருமனான பிள்ளைக்குக் குடல் பாக்டீரியாவை மாற்றினால் எடை குறையுமா? நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 14 முதல் 18 வயதுவரையான 87 பேர். சிலருக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து பிரித்த பாக்டீரியா காப்ஸ்யூல், மற்றவர்களுக்குப் போலி காப்ஸ்யூல். 2020இல் முடிவு வெளியானது: ஆறு வாரம் கழித்தும் உடல் எடைக் குறியீட்டில் (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் BMI) வித்தியாசம் இல்லை. இடுப்பு, தொடையோடு ஒப்பிட்டால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. அதுவும் நல்ல செய்திதான்.

உணவு, விளையாட்டு, தூக்கம் ஆகியவற்றை மாற்றும் வாழ்க்கைமுறைச் சிகிச்சை மெதுவானது. பிள்ளையை மட்டும் மாற்ற முடியாது, வீடே மாற வேண்டும். ஆனாலும் நான் இதையே முதலில் சொல்வேன். சுண்டலின் நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்கவைத்து, குடல் சுவருக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களைத் தருகிறது. டிபன் பாக்ஸில் பிஸ்கட் இருந்த இடத்தில் சுண்டல், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடிப்பிடித்து விளையாட்டு, நேரத்துக்குத் தூக்கம்: இதை இன்றே தொடங்கலாம்.