தட்டா, கட்டிலா? இளைப்பு உள்ள வீட்டில் எதை முதலில் மாற்றுவது

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஒரு பிள்ளைக்கு வீசிங், அதாவது ஆஸ்துமா எனும் இளைப்பு என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அன்றே சமையலறையில் தடையுத்தரவு போட்டுவிடுவார்கள். வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, கொய்யா கண்ணில் படவே கூடாது. அதே பிள்ளை இரவில் பாட்டி காலத்து இலவம்பஞ்சுத் தலையணையில் முகம் புதைத்துத் தூங்கும். கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தி புகைந்துகொண்டிருக்கும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. சாப்பாட்டையும் வீட்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால், கைக்காசையும் உழைப்பையும் முதலில் போட வேண்டிய இடம் படுக்கையறை என்றே சொல்வேன்.

படுக்கையில் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் வாழ்கின்றன. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அவற்றுக்குத் தீனி. அவற்றின் எச்சம் ஒவ்வாமை உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சீண்டிவிடும். இலவம்பஞ்சு மெத்தையைத் துவைக்க வழியில்லை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் போட்டுக் காய வைத்தால் உண்ணி செத்துப்போகும், உண்மைதான். ஆனால் எச்சம் வெயிலுக்குச் சாகாது. தடியால் அடித்து உதறினால்தான் ஓரளவு வெளியேறும். அப்படி அடிக்கும்போது எதிர்வெயிலில் எழும் தூசியைப் பார்த்தவர்கள், அதன்மேல் மறுபடி தலை வைக்க யோசிப்பார்கள். அடிக்கிற வேலை இளைப்புக்காரருடையது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு மாற்றாகக் கயிற்றுக் கட்டிலில் பவானி ஜமக்காளத்தை மடித்து விரித்து, மேலே பருத்தி விரிப்பு போடலாம். இரண்டையும் துவைக்க முடியும் என்பதே பெரிய லாபம். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 55 முதல் 60 டிகிரி சூடுள்ள தண்ணீரில் துவைப்பது நல்லது. மெத்தை இல்லாமல் தூக்கம் வராது என்பவர்களுக்கு ஜிப் வைத்த ஒவ்வாமைத் தடுப்பு உறைகள் கிடைக்கின்றன. ஆனால் உறையை மட்டும் மாட்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டவர்களுக்குப் பெரிய பலன் இல்லை என்றே ஆய்வுகள் காட்டின. உறை, துவையல், ஈரத் துணியால் தரை துடைப்பது, கரப்பான் பூச்சி ஒழிப்பு எல்லாம் சேர்ந்து நடக்க வேண்டும்.

அடுத்தது புகை. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலைக்கு இந்த வம்பே இல்லை. திரவக் கொசுவிரட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புகை கிடையாது, ஆனால் அதன் நெடியே சிலருக்கு இருமலைக் கிளப்பும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை விடச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். கொல்லையில் தென்னமட்டையும் பாளையும் எரித்து வெந்நீர் போடும் அடுப்பும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஆயிரக்கணக்கில் கொட்டி ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். புகைக்கும் மிதக்கும் நுண்துகளுக்கும் அது உதவும். உண்ணி எச்சமோ கனமானது, படுக்கையைத் தட்டினால் எழும்பிச் சீக்கிரமே படிந்துவிடும். இயந்திரம் மூலையில் ஓடிக்கொண்டிருக்க, எச்சம் தலையணையிலேயே கிடக்கும். அந்தக் காசுக்குப் புதுத் தலையணையும் கொசுவலையும் வாங்கி, கரப்பானுக்கு மருந்தும் வைத்துவிட்டு மிச்சமும் பிடிக்கலாம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும்போது மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் புழுதி குறையும். பனியன் கம்பெனியிலிருந்தோ நூல் மில்லிலிருந்தோ வருகிறவர்கள் பஞ்சு ஒட்டிய சட்டையை வாசலிலேயே மாற்றிக்கொள்வது நல்லது. மில் தொழிலாளிக்கே வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகினால் அது பஞ்சுத் தூசியால் வரும் வேறு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

இனி தட்டுக்கு வருவோம். வாழைப்பழமும் தயிரும் குளிர்ச்சி, சளி கட்டும் என்ற நம்பிக்கை ஆழமானது. பால் குடித்தால் சளி பெருகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. வளர்கிற பிள்ளைக்குப் பால், தயிர், முட்டை, பழம் எல்லாவற்றையும் நிறுத்தினால் நோய் குறையாது, பிள்ளைதான் மெலியும். கடலையோ முட்டையோ இறாலோ சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிப்பு, உதட்டு வீக்கம், இரைப்பு வந்தால் அது வேறு கதை. அது உண்மையான ஒவ்வாமை, பரிசோதித்து உறுதி செய்துகொண்டு அந்த ஒன்றை மட்டும் விலக்க வேண்டும். கெடாமல் இருக்கச் சல்பைட் என்ற பொருள் சேர்த்த உலர்பழமும் பாட்டில் பானமும் சிலருக்கு ஆகாது.

உணவு வழியில் நிஜமாகவே எடுபடுவது எடைக் குறைப்பு. பருமனானவர்கள் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே இளைப்பு கட்டுக்குள் வருவது எளிதாகிறது. 80 கிலோ உள்ளவருக்கு 4 முதல் 8 கிலோ. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளு ரசம் குடித்த கையோடு நாலு தோசையைக் கூடுதலாகத் தின்றால் கொள்ளு என்ன செய்யும்? ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிப்பதும் நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு நடுராத்திரி இருமலுக்குத் தாமதமாகச் சாப்பிடுவதும் ஒரு காரணம். தூதுவளை ரசம் தொண்டைக்கு இதம், தாராளமாகக் குடிக்கலாம். இளைப்புக்கான மருந்துக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்கக்கூடாது.

தட்டு, கட்டில் இரண்டில் எது ஜெயித்தாலும், தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. அவசரத்துக்கு வைத்திருக்கும் இன்ஹேலரை வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேடினாலோ, இரவில் இருமலோ இரைப்போ எழுப்பிவிட்டாலோ நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். அப்போது மெத்தைக் கடைக்குப் போகும் முன் மருத்துவரைப் பாருங்கள். பேச முடியாத அளவுக்கு இரைத்தாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.