எக்ஸ்ரே அறையும் விமான இருக்கையும்

கனடாப் பயணத்துக்கான மருத்துவச் சோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றதும் கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த அம்மம்மா கலங்கிவிட்டார். "கதிர் உடம்புக்குக் கூடாது, பிள்ளை" என்றார். சங்கிலியைக் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்து என்னிடம் தந்தபோது அவருடைய விரல்கள் நடுங்கின. விமானத்தைப் பற்றியோ அவருக்குத் துளியும் பயமில்லை.

அளவைப் பார்த்தால் கணக்குத் தலைகீழ். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடம்பில் சேர்வது சுமார் 0.02 மில்லிசீவர்ட் (உடம்பில் சேரும் கதிரை அளக்கும் அலகு), கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்திலோ காற்றின் கவசம் மெலிந்திருப்பதால் விண்வெளிக் கதிர்கள் மணிக்கணக்காகப் படுகின்றன. ரொறன்ரோ போய் இறங்குவதற்குள் சில எக்ஸ்ரேக்களின் அளவு சேர்ந்துவிடும். இலங்கை வானில் பூமியின் காந்தப்புலம் நம்மை நன்றாகக் காக்கிறது. வடக்கே போகப் போக அந்தக் காவல் தளர்கிறது.

ஆனாலும் இரண்டுமே சிறியவைதான். தரையில் இருப்பவருக்கே இயற்கையிலிருந்து ஆண்டுக்கு உலகச் சராசரியாகச் சுமார் 2 முதல் 3 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் பறக்கும் முதியவர் இரண்டுக்கும் அஞ்ச வேண்டாம். காசநோயைக் காட்டித் தரும் எக்ஸ்ரேயைத் தட்டிக்கழிப்பதுதான் பிழை.

என் கவலையெல்லாம் வானத்திலேயே வேலை செய்பவர்களைப் பற்றியது. விமானப் பணியாளருக்கு ஆண்டுக்கு 2 முதல் 5 மில்லிசீவர்ட் வரை சேரலாம். வன்னியிலிருந்து அந்த வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகள் கருவுற்றால் உடனே நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். வயிற்றுச் சிசுவுக்கான வரம்பு சுமார் 1 மில்லிசீவர்ட் மட்டுமே.