வேலூர் வெயிலில் எந்த மோட் லாக்கிங் நிற்கும்?

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து 5, 6, 7 நிமிடத்துக்கு ஒன்று என்று மூன்று தடத்தில் டவுன் பஸ் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு தடவை மூன்றும் சேர்ந்து கிளம்பினால், மறுபடி சேர்வதற்கு 210 நிமிடம் ஆகும். லேசருக்குள் இப்படி ஆயிரக்கணக்கான அதிர்வெண்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் ஒரு மோட். அத்தனையும் கூடுகிற கணத்தில் வரும் ஒளித்துடிப்புதான் பல்ஸ். கூட வைக்கிற வேலைதான் மோட் லாக்கிங். லேசரின் இரு முனைக் கண்ணாடிகளுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் என்றால் நொடிக்கு 10 கோடி பல்ஸ் வரும்.

புதிதாக லேபுக்கு வரும் ஜூனியர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, எதுல ரொம்பச் சின்ன பல்ஸ் வரும்?" காட்பாடிப் பக்கம் லேசர் ஓட்டுகிறவன் கேட்க வேண்டியது வேறு: காலையில் சுவிட்சைப் போட்டால் தானாகக் கிளம்புமா?

ஆக்டிவ் முறை 1964-லேயே பெல் லேப்ஸில் ஹீலியம்-நியான் லேசரில் வந்துவிட்டது. வெளியிலிருந்து ஒரு மாடுலேட்டர், அதாவது ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி, தாளம் போடும். எலெக்ட்ரானிக்ஸ் வேகத்தை நம்பியிருப்பதால் பெரும்பாலும் பிகோ செகண்டோடு (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நின்றுவிடும். வெளிக் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டிய வேலைக்கு மட்டும் இதை எடுக்கலாம்.

அடுத்து சாய லேசர். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்த அதே 1981-இல் அது 100 ஃபெம்டோ செகண்டுக்குக் கீழே இறங்கியது (ஃபெம்டோ என்றால் பிகோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சாயக் கறையை யார் கழுவுவது? விடுங்கள்.

கெர் லென்ஸ்தான் அழகி. 1991-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஸ்பென்ஸ், கீன், சிபெட் மூவரும் டைட்டானியம்-சஃபையரில் 60 ஃபெம்டோ செகண்ட் காட்டினார்கள். ஒளி செறிவானால் படிகத்தின் ஒளிவிலகல் எண் மாறி, படிகமே லென்ஸாகிவிடும். வலுத்த பல்ஸ் குவிந்து தப்பிக்கும், மெலிந்த ஒளி இழப்பில் சாகும். எதிர்வினை நொடிப்பொழுதுகூட எடுக்காததால் 5 ஃபெம்டோ செகண்ட் வரை போகலாம். அந்த நேரத்தில் ஒளி கடப்பது ஒன்றரை மைக்ரான்தான். ஆனால் அழகிக்குப் பிடிவாதம் அதிகம். பெரும்பாலும் தானாகக் கிளம்பாது, கண்ணாடியை லேசாகத் தட்டிவிட வேண்டும். சித்திரை மதியத்தில் கரண்ட் போய் ஏசி நின்றதென்றால், காலையில் செய்த அலைன்மென்ட் மாலையில் இருக்காது. ஒரு வாரம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

செசாம் அடக்கமானது. 1992-இல் உர்சுலா கெல்லர் கொண்டுவந்த குறைக்கடத்திக் கண்ணாடி: மெலிந்த ஒளியை விழுங்கும், வலுத்ததைத் திருப்பும். தானாகக் கிளம்பும். பல்ஸ் சாதாரணமாக நூற்றுக்கணக்கான ஃபெம்டோ செகண்ட், சிலதில் பிகோ செகண்ட். பயப்பட வேண்டியது க்யூ-சுவிட்சிங் ஒன்றுக்குத்தான். ஆற்றல் கொத்தாகச் சேர்ந்து அடித்தால் கண்ணாடி கருகிவிடும்.

ஃபைபரில் தளவிளைவை, அதாவது ஒளி அதிரும் திசையை, சுழற்றும் முறைக்கு செசாம் போலத் தனிக் கண்ணாடியே வேண்டாம். அலைநீளம் 1550 நானோமீட்டர் என்பதால் தொலைத்தொடர்புச் சாமான்களே போதும், 100 ஃபெம்டோ செகண்ட் அளவுக்கும் இறங்கும். ஆனால் ஃபைபர் கொஞ்சம் வளைந்தாலோ சூடேறினாலோ பூட்டு கழன்றுவிடும்.

ஒளியின் ஓரிரு அலைகளே அடங்கிய பல்ஸ்தான் ஆராய்ச்சி என்றால் கெர் லென்ஸுக்கு மாற்றில்லை. எங்களைப் போல மாணவர்கள் கை மாறி மாறி ஓட்டும் லேபுக்குத் தளவிளைவைக் காக்கும் ஃபைபரில் செசாம் வைத்த லேசரைத்தான் சொல்வேன். இப்போதைக்கு எங்களிடம் இருப்பது ஃபைபரில் தளவிளைவைச் சுழற்றும் வகை. ஃபைபரை முறுக்கித் தளவிளைவைச் சரிசெய்யும் அதன் துடுப்புகளை செல்லோ டேப் போட்டு ஒட்டி, மேலே "கை வைக்காதே" என்று எழுதி வைத்திருக்கிறோம்.