கோத்தகிரியில் காகிதப்பூ: ஏழாண்டு அனுபவம்

கடந்த மார்ச் மாதத்தில் என் வீட்டு வாசலில் நின்ற பக்கத்துத் தெருப் பெண் ஒருவர், சுவரை மறைத்துப் பூத்திருந்த காகிதப்பூவைப் பார்த்து, "அக்கா, நம்ம ஊர்க் குளிரில் இது இப்படிப் பூக்குமா? எனக்கும் ஒரு கிளை கொடுங்கள்" என்றார். அன்று சரியென்று சொல்லிவிட்டேன். இந்த வாரம் கிளைகளை வெட்டி முடித்து, முள் கீறிய கைகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்ட பிறகு, அவருக்கு முழு உண்மையையும் சொல்வதே முறை என்று தோன்றுகிறது.

இச்செடியின் தாய்ச்செடி தூத்துக்குடியில், கடற்கரைக்கு அருகிலிருந்த என் தாய்வீட்டு மதிலோரம் நின்றது. அம்மா அதற்குத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததே இல்லை. உப்புக் காற்றில் செம்பருத்தியின் இலை ஓரங்கள் கருகிய கோடையிலும் அது கொத்துக் கொத்தாகப் பூத்தது. நாம் பூவென்று சொல்லும் வண்ணப் பகுதி உண்மையில் பூவடிச்செதில்தான், அதாவது பூவின் அடியில் நிறமேறி நிற்கும் இலை. மூன்று செதில்களுக்கு நடுவே குச்சி போல நிற்கும் சிறிய வெண்ணிறக் குழல்களே அதன் பூக்கள். 1767-இல் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கோமர்சன் இதைச் சேகரித்து, தம் கடற்பயணத்தின் தலைவரான பூகன்வில்லின் பெயரைச் சூட்டினார் என்பதைப் படித்தபோது, கடலோரத்தில் கண்டெடுத்த செடி எங்கள் கடலோரத்தில் செழித்ததில் வியப்பில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த மதிலை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், பென்சில் பருமனில் நான்கு முற்றிய குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தேன். ஒன்றுதான் பிழைத்தது. இங்குள்ள நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர் சொன்னபடி, தொழுவுரம் நிறைய இட்டுத் தோட்டத்து மண்ணில் நட்டேன். அது என் பெரும் பிழை. ஊட்டம் மிகுந்தால் இச்செடி இலையாகவே வளரும். வேர் காய்ந்து சற்று வாடினால்தான் பூக்கத் தொடங்கும். மூன்று ஆண்டுகள் கரும்பச்சை இலைகளையும் விரல் நீள முட்களையும் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

எனக்கு இன்றுவரை தீராத எரிச்சல் ஒன்று உண்டு. காகிதப்பூவைப் பூக்கத் தூண்டுவது பகல் குறுகும் காலம். தொட்டபெட்டாவின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை கோத்தகிரியைப் பெரிதாக நனைப்பதில்லை. ஆனால் பகல் இரவைவிடக் குறுகும் அதே அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது, அதன் பின்னாலேயே நாள்கணக்கில் மூடுபனி. தூத்துக்குடியிலும் அம்மாதங்களில்தான் மழை பெய்கிறது என்றாலும், அங்கே மணல் நீரை உடனே இறக்கிவிடும், மறுநாளே வெயிலும் அடிக்கும். இங்கே செம்மண் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பூப்பதற்கான அழைப்பும் பூக்கவிடாத ஈரமும் ஒரே நாளில் வந்து சேரும் ஊரில், செடியின் மேல் எப்படிக் குறை சொல்வது?

நான்காம் ஆண்டில் அதைத் தோண்டி, பாதி மணலும் சிறுகல்லும் கலந்த சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றி, மழைச்சாரல் படாத கூரை இறவாரத்தின் கீழ் மேற்குச் சுவரோரம் வைத்தேன். இதன் வேர்கள் மிக மென்மையானவை. மண்கட்டி உடைந்ததால் எல்லா இலைகளும் உதிர்ந்து, மூன்று மாதம் வெறுங்குச்சியாக நின்றது. அதன்பிறகு டிசம்பர் முதல் இலை தொங்கும்வரை காத்திருந்தே நீர் ஊற்றுகிறேன். உறைபனி விழும் ஜனவரி இரவுகளில் சாக்குப் போர்த்துகிறேன். ஒரு நாள் மறந்ததற்கு நுனிக் கொழுந்துகள் எல்லாம் கருகிப்போயின.

பூத்தபோது கிடைத்த மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். அம்மா வீட்டில் வெயிலில் விரைவில் வெளிறிய அதே நிறம், இங்கே குளிரில் ஒரு மாதத்துக்கும் மேலாக ஆழ்ந்த ரோஜா நிறமாகவே நின்றது. கடலோரச் சுண்ணாம்பு மண்ணில் மஞ்சளித்துக் கிடந்த இலைகள்கூட இங்கே பளபளக்கின்றன. இதைவிட அழகான காகிதப்பூவை நான் கண்டதில்லை.

ஆயினும் என் முடிவு, கோத்தகிரியில் இதை நட வேண்டாம் என்பதே. ஐந்து வாரப் பூவுக்காக ஆண்டு முழுவதும் ஒரு செடியின் தாகத்தைக் காவல் காப்பது எல்லோராலும் ஆகாது. சாரல் படாத மேற்குச் சுவர் எல்லா வீட்டிலும் இருக்காது. பக்கத்துத் தெருப் பெண்ணிடம் நேற்று இதைச் சொன்னேன், சற்று வருத்தப்பட்டார்.

வெட்டிய கிளைகளில் முற்றிய ஆறு குச்சிகளை மணலில் ஊன்றியிருக்கிறேன். வேர் பிடித்ததும் அவை தூத்துக்குடிக்கு, என் அக்கா கட்டியிருக்கும் புது மதிலுக்குப் போகும். தொழுவுரம் வேண்டாம், பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடையக் கூடாது, வேர் பிடித்த பிறகு தண்ணீர்க் குடத்துடன் அதன் பக்கமே போக வேண்டாம் என்று அக்காவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.