கரண்ட் பில் ஏறினால் மீட்டரைப் பார்ப்பதா, ஆளைக் கூப்பிடுவதா?

கச்சான் காற்று தொடங்கினால் திருகோணமலையில் கரண்ட் பில் கொஞ்சம் ஏறுவது வழமைதான். விடிய விடிய ஃபேன் ஓடும், கிணற்றில் தண்ணீர் கீழே போவதால் மோட்டரும் கூடுதல் நேரம் ஓடும். ஆனால் மாதம் 90 யூனிட் எடுக்கிற வீட்டுக்கு 200 வந்தால் பழியைக் காற்றில் போட முடியாது. எதுவோ தின்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: மீட்டரைப் பார், பிளக் மீட்டர் வாங்கு, வயரிங்காரரைக் கூப்பிடு, வைஃபை கருவி பூட்டு, மின்சார அலுவலகத்தில் முறையிடு.

எதற்கும் முதல் பில்லில் ரூபாவை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கட்டணம் மாறும், நிலையான கட்டணமும் கூடும். 58 எடுத்தவர் 64 எடுத்தால் பில் ஆறு யூனிட்டுக்கு மட்டும் கூடாது. மீட்டர் வாசிக்க வந்தவர் சில நாள் பிந்தி வந்தாரா என்றும் பாருங்கள். போன மாதத்தையும் இந்த மாதத்தையும் நாட்களால் பிரித்துப் பார்த்தால்தான் உண்மையில் கூடியிருக்கிறதா என்று தெரியும்.

கூடியிருக்கிறது என்றால் என் முதல் தெரிவு காசு செலவில்லாத வழி: வீட்டு மீட்டரே. இப்போதைய மீட்டர்களில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் 1600 இம்ப் அல்லது 3200 இம்ப் என்பது போல ஓர் எண் இருக்கும். அத்தனை தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். 1600 மீட்டரில் பத்து செக்கனுக்கு ஒரு சிமிட்டல் என்றால் அந்த நேரத்தில் வீடு 225 வாட் இழுக்கிறது. கேட்கச் சின்னதாக இருக்கும், நாள் முழுக்க ஓடினால் மாதம் 162 யூனிட்! 45 செக்கனுக்கு ஒரு தடவை என்றால் 50 வாட், மாதம் 36 யூனிட்.

எல்லாரும் படுத்த பிறகு ஃபேனையும் நிறுத்திவிட்டு எண்ணிப் பாருங்கள். பிறகு பெட்டியில் உள்ள சிறிய பிரேக்கர்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளுங்கள். எதைத் தள்ளும்போது சிமிட்டல் படுத்துவிடுகிறதோ, ஆள் அந்த லைனில்தான். மெயினையே நிறுத்திய பிறகும் சிமிட்டினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ வயர் எடுத்திருக்கக்கூடும். அனெக்ஸ் வாடகைக்குக் கொடுத்த வீடுகளிலும், பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கு இழுத்த வயரைக் கழற்ற மறந்த வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். எதையும் தனியே கழற்றப் போகாதீர்கள், மீட்டர் சீலில் கை வைக்கவே கூடாது.

இந்த வழிக்கு ஒரு குறை: நீங்கள் பார்க்கும் அந்த நேரத்தைத்தான் காட்டும். பிரிட்ஜ் அப்படிப் பிடிபடாது. கம்பிரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அங்கேதான் பிளக் மீட்டர் வெல்கிறது. சுவருக்கும் பிளக்குக்கும் நடுவில் செருகி ஒரு முழு நாள் விட்டால் எத்தனை யூனிட் என்று திரையில் வரும். 120 வாட் கம்பிரஸர் நாளில் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 36 யூனிட். கதவு ரப்பர் போய், அது நிற்காமலே ஓடினால் 86. ஆனால் பிளக் மீட்டரை நம்பி முழு வீட்டையும் சோதிக்க முடியாது. ஏசி, கிணற்று மோட்டர், குளியலறை ஹீட்டர் எல்லாம் பெரும்பாலும் நேரே வயர் பண்ணியவை. பில்லை ஏற்றுகிறவையும் அவைதான். பழைய வீடுகளில் உருண்டைக் கால் பிளக்குக்கு அடப்டர் வேறு தேட வேண்டும். யாரிடமாவது இரண்டு நாள் இரவல் வாங்கினால் போதும்.

அடுத்தது, வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வரும் வயரிங்காரர். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடென்றால் இவரை நான் சீக்கிரமே கூப்பிடுவேன். கடல் காற்றில் வெளியே உள்ள மோட்டர் வயரின் இணைப்புகள் துருப்பிடிக்கும், கரண்ட் நிலத்துக்கு ஒழுகும். ஆனால் 'ஒழுகுது' என்ற விளக்கத்தை அப்படியே நம்பவும் வேண்டாம். கரண்ட் ஒழுகினால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தால் 30 மில்லி அம்பியருக்குள் விழுந்துவிடும். 30 மில்லி அம்பியர் என்பது ஏழு வாட், மாதம் ஐந்து யூனிட். அது இரட்டிப்பான பில்லுக்குக் காரணமாகாது. ஒழுகல் பில்லை ஏற்ற வேண்டுமானால் ட்ரிப் சுவிட்ச் செத்திருக்க வேண்டும், அல்லது அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைத் தாண்டி வயர் கொடுத்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் வயரிங்காரர் கேட்பார்:

"அக்கா, இது டிரெக்டா குடுத்திருக்கு. ஆர் செய்தது?"

"மழைக்கு ஒவ்வொரு நாளும் விழுதெண்டு இவர்தான் தம்பி ஆரையோ பிடிச்சுச் செய்வித்தவர்."

அந்த வீட்டில் ஒரு அம்பியர் ஒழுகினால் 230 வாட், மாதம் 165 யூனிட். பில்லை விடுங்கள், ஈரக் கையோடு மோட்டரைத் தொட்டால் உயிர் போகும். ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பொத்தானை இப்போதே அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் மற்ற எல்லா வழியையும் தள்ளி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கிளாம்பை ஒரு வயரில் மட்டும் போட்டால் அந்த லைன் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும். போகிற வயரையும் வருகிற வயரையும் சேர்த்துப் போட்டால் பூச்சியம் வர வேண்டும், வராவிட்டால் அந்த வித்தியாசம்தான் ஒழுகல். ஆனால் அம்பியரை 230ஆல் பெருக்கி வாட் சொன்னால் அப்படியே எடுக்காதீர்கள். மோட்டர், ஃபேன் போன்றவற்றில் உண்மை வாட் அதைவிடக் குறைவு. நல்ல வயரிங்காரர் மோட்டரோடு நிற்காமல் கிணற்றுக்குள் குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வையும் பார்ப்பார். அது ஒழுகினால் ஏற்றிய தண்ணீர் திரும்ப இறங்கும், தாங்கி நிரம்ப மோட்டர் கூடுதல் நேரம் ஓடும்.

வைஃபை கருவி பற்றி அதிகம் சொல்ல இல்லை. மெயின் வயரில் பூட்டினால் எந்த நேரம் எவ்வளவு என்று போனில் கோடு போட்டுக் காட்டும். சீசனுக்கு வெள்ளைக்காரருக்கு அறை கொடுக்கிறவர்களுக்கு நல்லது, யார் ஏசியைப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனார் என்று தெரியும். சாதாரண வீட்டுக்கு வீண் செலவு.

கடைசி, முறைப்பாடு. எங்கள் ஆட்கள் முதலில் செய்வது இதைத்தான்: "மீட்டர் வேகமா ஓடுது." அப்படி ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 1500 வாட் கேத்தலை மட்டும் நிறையத் தண்ணீரோடு போடுங்கள். 1600 மீட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 தடவை சிமிட்ட வேண்டும். மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் இன்னும் குறையும். 60, 70 என்று போனால் அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு தாராளமாக மின்சார அலுவலகத்துக்குப் போங்கள். போகும் முன் பில்லில் உள்ள மீட்டர் இலக்கத்தையும் சுவரில் உள்ளதையும் ஒத்துப் பாருங்கள். ஒரே சுவரில் இரண்டு மீட்டர் இருக்கிற வீட்டில் அனெக்ஸ்காரரின் பில்லை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கவும் கூடும்.